மூன்று மாதம் ஓய்வெடுக்கச் சொல்லும் சீட்டு

நுரையீரல் அறுவை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர் கையில் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கும். மாத்திரைப் பெயர்கள், தையல் பிரிக்க வர வேண்டிய தேதி, மறுபடி எக்ஸ்ரே எடுக்க வர வேண்டிய தேதி எல்லாம் வரிசையாக வந்து, கடைசியில் மூன்று வரி இருக்கும். கனமான வேலை செய்யக் கூடாது. தூசி, புகையைத் தவிர்க்க வேண்டும். சத்தான உணவு சாப்பிட்டு இரண்டு, மூன்று மாதம் ஓய்வில் இருக்க வேண்டும்.

மருத்துவப்படி இந்த மூன்று வரியிலும் ஒரு பிழையும் கிடையாது. ஆனால் கூடலூரில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நாள் கூலிக்கு நிற்கிற ஒரு பெண்ணிடம் அந்தச் சீட்டை நீட்டும்போது இந்த அரசு அவரிடம் என்ன சொல்கிறது? உன் நெஞ்சைத் திறந்து மூடுகிற செலவு என்னுடையது, அதற்குப் பிறகு நீ உயிரோடு இருக்கிற செலவு உன்னுடையது என்று சொல்கிறது. தோழர்களே, நாம் சண்டை போட வேண்டிய இடம் இந்தக் கடைசி மூன்று வரி. இதுவரை அந்த இடத்தில் ஒரு முழக்கம்கூட நாம் எழுப்பியதில்லை.

நுரையீரல் அறுவை என்றதும் பலருக்குப் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும். அதுவும் உண்டு. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் நான் கூடவே போய் வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய காசநோயின் மிச்சத்தைச் சுமந்தவர்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் சீழ் கட்டி, அது தடித்த தோல் மாதிரி நுரையீரலைச் சுற்றி இறுகி, விரியவே விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தத் தோலை உரித்தெடுக்க வேண்டும். சிலருக்குக் காசநோய் விட்டுப்போன பொந்தில் பூஞ்சை உருண்டை வளர்ந்து, இருமினால் ரத்தம் வரும். சிலருக்கு மூச்சுக்குழல்கள் விரிந்துபோய்ச் சளி தேங்கி நாறும். ஆடு மேய்க்கிறவர்களுக்கு நாய் வழியாகத் தொற்றும் புழுவால் நுரையீரலில் நீர்க்கட்டி வருவதும் உண்டு. இவற்றில் பலவற்றை ஆரம்பத்திலேயே பிடித்தால் மருந்தோடு முடிந்துவிடும். கத்திவரை போவது பெரும்பாலும் தாமதமாகப் போகிறவர்களுக்குத்தான்.

யார் தாமதமாகப் போகிறார்கள்? விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டிய பிறகு இறங்குகிறவர்கள். அவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வெளிநோயாளி சீட்டு கொடுப்பதில்லை. இருமலுக்கு மெடிக்கல் கடையில் இரண்டு நாள் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் ஜீப்பேறுவார்கள். தோட்டத்தில் மருந்தடிப்பு, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் புகை, வீட்டுக்கு வந்தால் விறகடுப்பு. பீடியே தொடாத பெண்களின் நுரையீரல் எப்படிக் கெட்டது என்று கேட்பவர்கள் ஒருநாள் அந்த அடுப்படியில் போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. நெஞ்சைத் திறக்கும் பெரிய அறுவைக்குப் பெரும்பாலும் மதுரைக்கு அனுப்புகிறார்கள். கூடலூரிலிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். அகலப் பாதைக்காக மூடிய மதுரை - போடி ரயில் பாதை 2022-இல் தேனிவரை, 2023-இல் போடிவரை மறுபடி திறந்தது. உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பக்கம் தண்டவாளமே கிடையாது. நெஞ்சில் சீழோடு இருக்கிறவர் மூன்று பேருந்து மாறித்தான் போக வேண்டும். தோப்பூரில் 2019-இல் அடிக்கல் நாட்டிய எய்ம்ஸைப் பற்றி எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும், விட்டுவிடுகிறேன்.

முதலில் அறுவைக்கு முந்தைய வாரங்கள். அவசரம் இல்லாத நுரையீரல் அறுவைக்கு உடம்பைத் தயார் செய்யச் சில வாரங்கள் வேண்டும். பீடி, சிகரெட் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். ரத்தசோகை இருந்தால் சரிசெய்ய வேண்டும். எடை குறைந்து எலும்பும் தோலுமாக இருப்பவருக்குப் புரதம் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் தையல் சேராது, தொற்று வரும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். சி.டி. ஸ்கேன், ஊதிப் பார்க்கும் சோதனை, இதயப் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டரின் ஒப்புதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள்.

இதற்கிடையே மூச்சுப் பயிற்சி. பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று உருண்டை இருக்குமே, அந்தக் கருவி சில நூறு ரூபாய்க்கு மெடிக்கலில் கிடைக்கும். நம்மவர்களில் பாதிப்பேர் அதை பலூன் மாதிரி ஊதுகிறார்கள், யாரும் சரியாகக் காட்டித் தராததால். அதில் ஊதக் கூடாது. வாயில் குழாயை வைத்து மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். உருண்டை மேலே எழும்பியதும் இரண்டு, மூன்று விநாடி பிடித்துவைத்து விட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை, பத்துத் தடவை. அறுவைக்கு முன்பே பழகியவருக்கு அறுவைக்குப் பின் அது எளிது. வலியோடு புதிதாகக் கற்றுக்கொள்வது கொடுமை. உங்கள் தெருவில் யாருக்காவது அறுவை என்றால், ஒரு மாணவர் பத்து நிமிடம் உட்கார்ந்து இதைச் செய்துகாட்டினாலே பெரிய உதவி.

உணவு விஷயத்தில்தான் சாதி பளிச்சென்று தெரியும். ஒரு மருத்துவமனையில் கொடுத்த உணவுப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ஆப்பிள், பாதாம், பனீர், ஓட்ஸ். தெருவோரக் கடையில் கிடைக்கிற விலையில் அவ்வளவு புரதமும் இரும்புச்சத்தும் தருகிற மாட்டுக்கறியின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. கருவாடும் இல்லை, ரத்தப் பொரியலும் இல்லை. முட்டை மட்டும் எப்படியோ தப்பி வந்திருந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தப் பெண்களுக்கு, அவர்கள் சேரியில் பரம்பரையாகச் சமைத்துச் சாப்பிடுகிற உணவு மருந்துக்குச் சமம் என்று ஒரு மருத்துவத் தாள் எழுத மறுக்கிறது. அப்படி எழுதினால் அந்தத் தாளைப் பட்டியல் போட்டவருடைய வீட்டில் வைத்துப் படிக்க முடியாதோ என்னவோ. சிறுநீரகக் கோளாறோ கொழுப்புப் பிரச்சினையோ உள்ளவர் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடட்டும். மற்றவர்களிடம் நீங்கள் தயங்காமல் சொல்லுங்கள்: நம் சோறு நம் தையலைச் சேர்க்கும்.

அறுவை நடந்த பிறகு வருவது வேறொரு உலகம். விலாவில் வெட்டி, எலும்பு இடுக்கை விரித்து உள்ளே போயிருப்பார்கள். சிறு துளை போட்டுச் செய்யும் முறையும் உண்டு, ஆனால் காசநோய் ஒட்டிப்போன நுரையீரலுக்குப் பல நேரம் பெரிய வெட்டுத்தான். நெஞ்சிலிருந்து ஒரு குழாய் இறங்கித் தரையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலுக்குள் போகும். அந்த பாட்டிலை எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். கட்டில் மாற்றும்போது உறவுக்காரர் பாசத்தில் அதைத் தூக்கி வயிற்றில் வைத்துவிடுவார், செய்யக் கூடாது. குழாய் மடங்கக் கூடாது. வலிக்கிறது என்று இருமாமல் இருந்தால் சளி தேங்கி நிமோனியா வரும். ஒரு தலையணையை வெட்டுப்பட்ட பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். வலி மாத்திரையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வலியைத் தாங்குவது நம் பெண்களுக்குச் சிறுவயதிலேயே கற்பிக்கப்பட்ட பாடம். இந்த இடத்தில் அந்தப் பாடம் ஆளைக் கொல்லும். எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நடக்க வேண்டும். தோளைச் சுழற்ற வேண்டும், இல்லையென்றால் தோள் இறுகிவிடும்.

பிறகு வீடு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. சோர்வு இரண்டு, மூன்று மாதம் இருக்கும். விலாவோரம் மரத்துப்போவதும் சுருக்கென்று குத்துவதும் கணிசமானவர்களுக்கு அதற்குப் பிறகும் தொடரும். காய்ச்சல், மூச்சிரைப்பு கூடுவது, சளியில் ரத்தம், காயத்தில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது என்று எது வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. மூச்சு முட்டினால் 108. சந்தேகம் கேட்க 104.

இப்போது அந்த "கனமான வேலை" என்ற சொல்லுக்கு வருகிறேன். டாக்டர் மனதில் கனமான வேலை என்றால் மூட்டை தூக்குவது. திராட்சை வெட்டுவதை அவர் கனமான வேலையாக நினைக்க வாய்ப்பில்லை. கையில் ஒரு கத்தரிக்கோல், ஒரு கொத்து, அவ்வளவுதானே? சுருளிப்பட்டியிலோ கூடலூரிலோ ஒரு பந்தலுக்குள் போய்ப் பாருங்கள். காலையிலிருந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியபடியே நிற்க வேண்டும். விலா வெட்டுக்குப் பிறகு ஒரு மனித உடம்பால் தாங்கவே முடியாத அசைவு எதுவென்று கேட்டால், எந்தப் பிசியோதெரபிஸ்ட்டும் அதைத்தான் சொல்வார். பந்தல் வேண்டாம், ஏலத்தோட்டம் போகலாம் என்றால், ஏலக்காய் செடியின் அடித்தூரில் காய்க்கிறது. நாள் முழுக்க ஈரத்தில் குந்தி, குனிந்து, நெஞ்சை மடக்கியே எடுக்க வேண்டும். அதுவும் வேண்டாம், பேரூராட்சியில் கூட்டும் வேலை என்றால் தூசி. பள்ளத்தாக்கில் நம் மக்களுக்கென்று சாதி ஒதுக்கிவைத்திருக்கும் வேலைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு தடை செய்கிற வேலைகளின் பட்டியலும் அதுவும் ஒன்றாகவே இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அதை வெட்டுகிறவரின் விலா எலும்புக்குத்தான் இன்னும் எந்தக் குறியீடும் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, பந்தல் வேலை செய்பவர், சீழ்த்தோல் உரிக்கும் அறுவை முடிந்து நான்காவது வாரமே வேலைக்குப் போனார். காய்ச்சல் வந்து மறுபடி கூட்டிக்கொண்டு போனோம். வார்டில் இருந்த ஒருவர், எந்த மருத்துவமனை, என்ன பதவி என்பதெல்லாம் இங்கே வேண்டாம், தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "சொன்னா எங்க கேக்குறீங்க? ஒங்க ஆளுகளே இப்பிடித்தான்."

அக்கா அவரிடம் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "நான் ஒக்காந்துருவேன் தம்பி. குழுக்காரன் ஒக்கார விடணும்ல?"

குழுக் கடன் வாரத் தவணை, அறுவைக்காகக் கைமாற்றாக வாங்கிய பணம், மகள் கல்லூரிப் பேருந்துக் கட்டணம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருந்தன. "ஒங்க ஆளுக" என்ற சொல்லுக்குள்ளும் ஒரு முழு வரலாறு இருந்தது. தமிழில் அதற்கு நாகரிகமான பெயர் "விழிப்புணர்வு இல்லாமை". மருத்துவக் கோப்புகளில் "ஒத்துழைக்காத நோயாளி". சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால் வார்டு பதிவேட்டில் "அப்ஸ்காண்ட்" என்று எழுதுவார்கள், ஜெயிலிலிருந்து ஓடிப்போனவரைச் சொல்வது மாதிரி. அந்த அக்காவுக்கு விழிப்புணர்வு போதாதா? எத்தனை நாள் வேலைக்குப் போகாவிட்டால் எந்தக் கிழமை வாசலில் யார் வந்து நின்று என்ன கேட்பார்கள் என்று மணிக்கணக்காகச் சொல்வார். அவரைப் போல விழித்திருப்பவர் அந்த வார்டில் யாரும் இல்லை.

சமூகவியல் படித்தவன் என்பதால் ஒரு எதிர்வாதத்தை நானே எடுத்து வைக்கிறேன், யாராவது எப்படியும் கேட்பார்கள். 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது, இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அங்கே 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினரை ஓய்வும் நல்ல உணவும் கிடைக்கும் சானடோரியத்தில் வைத்தார்கள். இன்னொரு பகுதியினர் நெருக்கடியான குடிசையில், குறைவான உணவோடு, வேலைக்கும் போய்க்கொண்டே ஓராண்டு மருந்து சாப்பிட்டார்கள். 1959-இல் முடிவு வெளியானது: இரண்டு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். உலகமே அதற்குப் பிறகு காசநோயை வீட்டில் வைத்துப் பார்க்கத் தொடங்கியது. அப்படியானால் ஓய்வும் உணவும் அவ்வளவு முக்கியமில்லை என்றுதானே அர்த்தம் என்பார்கள்.

அந்த ஆய்வின் மீது எனக்கு மரியாதை உண்டு. சென்னைக் குடிசைவாசி ஒழுங்காக மருந்து சாப்பிட மாட்டான் என்ற மேட்டிமைப் பேச்சை அது உடைத்தது. "ஒங்க ஆளுக" என்பவர்களுக்கு அந்த முடிவைத்தான் நான் முதலில் காட்டுவேன். மருந்து கிடைத்தபோது நம் ஆட்கள் சாப்பிட்டார்கள், குணமானார்கள். ஆனால் அது கிருமியை மருந்து கொல்வது பற்றிய ஆய்வு. விலாவை விரித்துத் தைத்த உடம்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. உணவு விஷயத்திலும் கதை அங்கே முடியவில்லை. ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு 2023-இல் வெளியானது. நோயாளியின் வீட்டாருக்குக் கூடுதல் உணவு கொடுத்த இடங்களில் அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளில், சிகிச்சையின் தொடக்கத்திலேயே எடை கூடியவர்கள் இறப்பது குறைந்தது. காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018-இல் தொடங்கிய உதவித்தொகையை 2024 நவம்பரில் 1,000 ஆக்கியிருக்கிறார்கள். சிகிச்சை நடக்கும்வரை அது வரும். அறுவைக்குப் போகிறவர்களில் பலர் காசநோய் மருந்தை முடித்து ஆண்டுகள் ஆனவர்கள். கிருமி செத்துவிட்டது, உதவித்தொகையும் நின்றுவிட்டது, பொந்து மட்டும் இருக்கிறது.

காப்பீட்டுக்கு வருவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அந்த அட்டையால் பிழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. மாணவர்களே, உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் அந்த அட்டை இல்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கெடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார், பிறகு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையம். நோய் வந்த பிறகு இதற்கு அலைவதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

ஆனால் இந்தத் திட்டம் 2018-இல் இணைக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் நாள்காட்டியைப் பாருங்கள். சேருவதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பிறகு 15 நாள், இவ்வளவுக்குத்தான் மருந்து, பரிசோதனைச் செலவு. கூலியைப் பற்றிப் பேச்சே இல்லை. நுரையீரலின் நாள்காட்டி முன்னால் நான்கு வாரம், பின்னால் பன்னிரண்டு வாரம். இந்த இடைவெளியில்தான் பந்தல் அக்கா விழுந்தார்.

மருத்துவமனையில் இருக்கும் இரண்டு வாரத்தையும் சேர்த்தால் 18 வாரம். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று வைத்தால் 90 நாள். கூலி 400 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வையுங்கள், 36,000 ரூபாய். கூட இருந்து பார்ப்பவர் 30 நாள் வேலையை விட்டால் இன்னொரு 12,000. இலவச அறுவையின் விலை 48,000 ரூபாய். பேருந்துக் கட்டணத்தையும் கருவியையும் முட்டையையும் நான் சேர்க்கவில்லை.

90 நாள் என்றதும் இ.எஸ்.ஐ. தெரிந்தவர்களுக்கு ஒன்று மின்னும். இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளி நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு, தகுதி விதிகளுக்கு உட்பட்டு, 80 விழுக்காடு இரண்டு ஆண்டு வரைகூட நீளும். அதாவது உழைக்கிறவன் நோயில் கிடந்தால் அவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதை இந்த நாடு 1948-லேயே சட்டமாக ஏற்றுக்கொண்டது. அதன் விதை எங்கே விழுந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அந்தக் காலத்தில்தான், 1943-இல், தொழிலாளருக்கான உடல்நலக் காப்பீட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு பேராசிரியர் பி.பி. அதார்கருக்குத் தரப்பட்டது. 1944-இல் அறிக்கை வந்தது. அரசியல் சட்டத்துக்காக அவர் சிலைக்கு மாலை போடுகிற நாம், நோய்க்காலக் கூலி என்ற இந்தக் கோரிக்கைக்காக ஒரு துண்டறிக்கையாவது அடித்திருக்கிறோமா?

அந்தச் சட்டம் ஆலைத் தொழிலாளியோடு தொடங்கியது. வயலில், பந்தலில், அடுத்த மாநிலத்துத் தோட்டத்தில் நாள் கூலிக்கு நிற்பவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, அது இன்னும் வந்து சேரவில்லை. நல வாரிய அட்டையைப் புரட்டுங்கள். கல்வி, திருமணம், கண்ணாடி, விபத்து, இயற்கை மரணம், ஓய்வூதியம் எல்லாம் இருக்கும். நோயிலிருந்து தேறுகிற நாட்களுக்குக் கூலி என்ற வரியை நான் பார்த்ததில்லை. சாக்கடைக் குழியில் இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. தேவையான தீர்ப்பு. செத்த பிறகு விலை வைக்க இந்த அமைப்பு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது. உயிரோடு மூன்று மாதம் படுத்திருக்கத்தான் இன்னும் விலை வைக்கவில்லை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். அதே 400 ரூபாய்க் கூலிக்கு, இ.எஸ்.ஐ. அளவில் 70 விழுக்காடு என்றால் நாளுக்கு 280 ரூபாய். 91 நாளுக்கு 25,480 ரூபாய். ஐந்து லட்சம் வரை காப்பீடு தருகிற அரசுக்கு இது பெரிய தொகையா? இதற்கு முன்மாதிரியும் இதே மாநிலத்தில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி எதற்காக வந்தது? பேறுகாலத்தில் ஏழைப் பெண் இழக்கும் கூலிக்காகவும் உணவுக்காகவும். இன்று அது 18,000 ரூபாய். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஓய்வும் அந்த ஓய்வுக்குப் பணமும் வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட அரசு, நெஞ்சை வெட்டித் தைத்த உடம்புக்கு அதை மறுக்க ஒரு காரணம் சொல்லட்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2024-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதி எந்தப் பாலத்துக்கும் எந்தக் கட்டடத்துக்கும் போகிறது என்று ஆண்டுதோறும் புலம்புவதற்குப் பதிலாக, அதிலிருந்து நோய்க்காலக் கூலி கொடு என்று பெயர் சொல்லிக் கேட்போம்.

நம் இயக்கங்களிடமும் ஒரு வார்த்தை. வெட்டுப்பட்டவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம், வழக்குப் பதிய வைக்கக் காவல் நிலைய வாசலில் விடிய விடியக் கிடக்கிறோம். அது நம் பெருமை. ஆனால் இருமி இருமிச் செத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனரோடு முடித்துக்கொள்கிறோம். கத்தியோடு வந்தவன் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இருக்கும். அரை நூற்றாண்டாகச் சேரிக்கு மேற்கே குப்பையை எரித்தவர்கள், விறகடுப்பைத் தவிர வேறு வழி விடாதவர்கள், மருந்தடித்த தோட்டத்துக்கு முகமூடி தராதவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் இருக்காது. அதனால் அதை நாம் வன்கொடுமை என்று எண்ணுவதில்லை.

செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள்தான். ரத்தம் கொடுக்க உங்கள் கல்லூரி நண்பர்கள் பத்துப் பேரின் ரத்தப் பிரிவை எழுதி வையுங்கள். வார்டில் கூட இருக்க ஆளில்லாதவருக்கு முறைவைத்து இரவு தங்குங்கள், ஒரு வீட்டின் 12,000 ரூபாய் மிஞ்சும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார்கள். நெஞ்சு அறுவை ஆனவரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மருத்துவமனையிலும் நகராட்சியிலும் ஒப்பந்தத்தில் கூட்டுகிற நம் அக்காக்களிடம் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று விசாரியுங்கள். பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்லாமல் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர்கள் உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் நோய்க்கால உதவி அவர்கள் உரிமை.

மனு எழுதும்போது "தக்க நடவடிக்கை எடுக்குமாறு" என்று எழுதாதீர்கள். அமைப்புசாராத் தொழிலாளிக்கு, நெஞ்சு அறுவை போன்ற பெரிய அறுவைக்கு, அறுவைக்கு முன்னும் பின்னும் சேர்த்து 91 நாள், நாளுக்கு இவ்வளவு ரூபாய், நல வாரியம் வழியாக வங்கிக் கணக்கில் என்று எண்ணில் எழுதுங்கள். கேரளத் தோட்டத்தில் வேலை செய்தாலும் தேனி மாவட்டத்தில் வீடு இருந்தால் தர வேண்டும் என்பதைத் தனி வரியாகப் போடுங்கள், இல்லையென்றால் இரண்டு மாநிலமும் கையை விரிக்கும். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலில் அந்தக் கடைசி மூன்று வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு மனுவோடு இணையுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரே நாளில் இருபது பேர் இருபது சீட்டோடு போங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.